உன் குரலை இனி அனுப்பாதே

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். நம் சின்னவனும் சாப்பிடுகிறான், குளிக்கிறான். உன் பிள்ளைகள் நலமா? போன் இருக்கும்போது இவளுக்கு ஏன் இந்த வேலை என்று சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டுப் படி. இந்த வீட்டில் இனி உன் குரல் கேட்கக் கூடாது.

சின்னவனின் நோயைப் பற்றி டாக்டரம்மா எனக்குப் புரியும்படி சொன்னார். அவனுக்கு முதலில் வருவது பயமாம். பயம் மனக்கண்ணில் ஒரு படத்தைக் கொண்டுவந்து நிறுத்துமாம். படம் தெளியத் தெளிய, குரலும் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்குமாம். லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேறென்ன படம் வரும்? கம்பி அறுந்து, ஆட்களோடு பெட்டி கீழே போகிறது. உடனே யாரோ ஒருவன், "நீதான்டா போல்ட்ட சரியா முறுக்கல" என்று திட்டுவான். அந்தப் படத்தையே மாற்றிப் பார்க்கப் பழக்கினார்: பெட்டி மெதுவாக வந்து நிற்கிறது, கதவு திறக்கிறது, எல்லோரும் இறங்கிப் போகிறார்கள். மாத்திரையோடு அதுவும் கொஞ்சம் பலன் தந்தது.

எனக்குத்தான் அவசரம். திட்டுகிற குரலை அன்பான குரல் விரட்டாதா என்று, உன்னைப் போனில் பேசிப் பதிந்து அனுப்பச் சொன்னேன். நீயும் உருகி உருகிப் பேசினாய். "வாடா, பயப்படாத, அண்ணன் இருக்கேன்ல" என்று வருமே, அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். சிரித்தான்கூட. நான் பெரிய வைத்தியம் பார்த்துவிட்ட மாதிரி எதிர்வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொண்டேன்.

போன வாரம் பழைய வேலையிடத்துக்குப் போயிருக்கிறான். மேல்மாடியில் லிஃப்ட் கதவைத் தன்னிடமிருந்த சாவியால் திறந்திருக்கிறான். உள்ளே பெட்டி இல்லை. காவலாளி சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். கேட்டால், திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் நீ நின்று, அதே வார்த்தையைச் சொல்லிக் கூப்பிட்டாயாம்.

போனில் இருந்த உன் பேச்சையெல்லாம் அழித்துவிட்டேன். "அழிச்சா என்னக்கா, அண்ணன் இங்கதான இருக்கான்" என்கிறான். அந்தத் திட்டுகிற குரல் எங்கே என்றேன். அது போய்விட்டதாம். "திட்டினா எதிர்த்துப் பேசலாம்க்கா. இவ்வளவு பாசமா கூப்பிட்டா எப்படி மாட்டேன்னு சொல்றது?" என்றான். டாக்டரம்மா மருந்தைக் கூட்டியிருக்கிறார். நாளாகும் என்கிறார், அவர் முகத்திலும் தெளிவில்லை. வேலைக்குப் போகாமல், வாசலுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பார்க்க வருகிறேன் என்றாயே, வராதே. ஒன்று மட்டும் செய். அவனைத் திட்டி ஒரு கடிதம் எழுது. என் முகத்திலேயே விழிக்காதே, என் பக்கம் வராதே என்று, உன்மேல் உள்ள பாசம் அவனுக்கு விட்டுப்போகும்படி எழுது. டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நீ அப்படி எழுதக்கூடியவன் இல்லை என்று தெரியும். அந்த நல்ல மனசோடு நீயும் உன் குடும்பமும் நெடுநாள் நன்றாயிருக்க வேண்டும். ஆனாலும் எழுது, என் கண்ணு.

உன் அக்கா