வைக்கோல் ஈலிஸும் ஏழு குருவிகளும்

ஜனவரி 9

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: இன்று காலை எட்டே முக்காலுக்கு எங்கள் பின்முற்றத் தீனித் தட்டுக்கு ஏழாவது பட்டாணிக்குருவி வருகை தந்தது. மஞ்சள் வயிறு, நடுவில் கறுப்பு டை, ஆபீசுக்குக் கிளம்பியவர் மாதிரி. வரவேற்புரை நான். மற்றவர்கள் தூங்கினார்கள்.

மாலையில் கெட்ட செய்தி. எட்டு வீடுகள் கொண்ட எங்கள் வரிசைவீட்டுச் சங்கத்தின் தலைவி இர்மெலி, கதவில் தாள் ஒட்டியிருக்கிறார். சிந்தும் விதைக்கு எலி வருகிறதாம். பறவைத் தீனிக்குத் தடை. பிப்ரவரி 1 கூட்டத்தில் வாக்கெடுப்பு.

"மைனஸ் இருபத்து மூணு. பழக்கிவிட்டுட்டு நடுக்குளிர்ல நிறுத்தினா செத்துடும்டா" என்றாள் அம்மா.

திட்டம் தயார். குருவி என் கையில் உட்கார்ந்து தின்பதை எல்லாரும் பார்த்தால் எவன் தடைக்குக் கை தூக்குவான்?

"உன் கையிலயா, ஈலிஸ்? நீ சாப்பாட்டு மேசையிலயே நாலு நிமிஷம் உட்கார மாட்டே" என்றாள் தங்கை ஹில்லா. பதினொரு வயசு. வாய்க்கு நாற்பது.

ஜனவரி 12

நாலு அல்ல, ஏழு நிமிடம் உட்கார்ந்தேன். விரல்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தேன். பத்து. குருவி: பூஜ்யம்.

ஆகவே ஆள் மாற்றம்: எனக்குப் பதில் ஒரு பொம்மை. என் நீல ஜாக்கெட், பனிச்சறுக்குக் கால்சட்டை, தொப்பி, முகத்தை மறைக்கக் கம்பளித் துண்டு. உள்ளே, ஹில்லா குதிரை லாயத்திலிருந்து கொண்டுவந்த வைக்கோல். பெஞ்சில் உட்கார வைத்து, நீட்டிய கையுறையில் சூரியகாந்தி விதை. இவனிடம் பழகட்டும்; பிறகு இவன் இடத்தில் நான்.

ஜனவரி 15

இர்மெலி வேலிக்கு அப்பால் நின்று பொம்மையைத் திட்டினார். ஜன்னல் இடுக்கு வழியாக முழுதும் கேட்டேன்.

"ஈலிஸ், நேத்து என் சைக்கிள் ஷெட்ல எலி ஓடுச்சு. விதைத்தோலை யாரு கூட்டுவா? உங்க அப்பனா?"

பொம்மை பேசவில்லை.

"சரி. முதல் தடவையா எதிர்த்துப் பேசாம கேட்டியே, அதுவே பெரிசு."

போய்விட்டார். எனக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே நற்சான்று, அதுவும் வைக்கோலுக்கு.

ஜனவரி 21

கையுறையில் குருவி. ஒன்றல்ல, மூன்று. ஒன்று தொப்பிமேல். நான் ஒரு மேதை.

ஜனவரி 26

பொம்மையைத் தூக்கிவிட்டு நானே உட்கார்ந்தேன். தவிர்க்க முடியாத காரணங்களால் நிகழ்ச்சி ஒத்திவைப்பு.

பிப்ரவரி 1

கூட்டத்துக்கு முன் எட்டு வீட்டுக்காரர்களும் முற்றத்து மூலையில் நின்றார்கள். முப்பது அடி தள்ளி. "கிட்ட போனா பறந்துடும்" என்று ஹில்லா மறித்து நின்றாள் (ஒரு பெட்டி உப்பு மிட்டாய் செலவு). பெஞ்சில் "ஈலிஸ்". நான் சௌனா என்கிற நீராவிக் குளியலறைக்குள், குனிந்து.

குருவிகள் வரிசையாக வந்து தின்றன. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இர்மெலி மெல்லச் சொன்னார்: "இந்தப் பையனுக்கா இவ்வளவு பொறுமை."

தடைக்கு மூன்று, தீனிக்கு ஐந்து. ஐந்தாவது கை இர்மெலியுடையது. நிபந்தனை: தினமும் தோலைக் கூட்ட வேண்டும்.

கை கொடுத்தது வைக்கோல், கைதட்டல் எனக்கு.

பிப்ரவரி 4

தோல் கூட்டினேன். இர்மெலி வேலியருகே வந்து, "எப்படிடா அசையாம இருந்தே? எனக்கும் சொல்லு" என்றார். கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினேன்.

பிப்ரவரி 8

தூக்கம் சரியில்லை. காலையில் இர்மெலியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"வைக்கோலா?" என்றார். "அப்ப அன்னிக்கு நான் திட்டினது?"

"அதுவும் அவனைத்தான்."

அவர் முகம் சிவந்தது. சிரிப்பா கோபமா, தெரியவில்லை. "சரி, நான் ஓட்டுப் போட்டது குருவிக்கு. உனக்கில்ல. துடைப்பத்தை எடு."

கூட்டி முடித்தபோது அவரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கையில் விதையோடு. அரை மணி நேரத்தில் குருவி வந்தது. அவர் மூச்சுகூட விடவில்லை.

இனி மறைத்து என்ன. ஜனவரி 26 அன்று என் கைக்கும் ஒன்று வந்தது. ஒரு ஸ்பூன் கனம்கூட இல்லை. சின்னச் சின்ன நகம் விரலைப் பற்றியதுதான் தாமதம், "அம்மா" என்று அலறி, விதையைக் கொட்டி, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஓடியவன் நான்.