பெயர் சொல்லாத ஏரி

வானம் பொய்யாது வழங்குக. நிலம் சலியாது விளைக. ஆழித்துறை அரியணையில் வீற்றிருந்து அறம் பிறழாது ஆளும் நெடுங்கோ மாமருகர் திருவுளப்படி, பேரமைச்சர் மருதன் வில்லவரையர் எழுதுவித்த ஓலை. கீழ்க்கோட்டம் ஆள்பவரும், இரு போர்களில் வாகை சூடியவரும், மாவடிப்புரக் கோட்டைக்கு உடையவருமான சாத்தன் விழுப்பரையர் காண்க. தங்கள் மனையும் மக்களும் நலம் பெறுக. தங்கள் கோட்டத்து ஏரிகள் நிறைக என்று அடுத்து எழுதுவது வழக்கம். இவ்வாண்டு அந்த வாழ்த்தை எழுத எழுத்தாணி கூசுகிறது.

தங்கள் விண்ணப்பம் அவையில் படிக்கப்பட்டது. குடிமக்களுக்குத் திறந்துவிட்ட அறிவுச்சாலையின் வாயிலை மறுபடியும் அடைக்க வேண்டும் என்றும், நீர்நூல் ஆசான் பூதங்கண்ணியாரை அங்கிருந்து நீக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். விடை தருமுன் நடந்ததை முதலிலிருந்து எழுதுக என்றார் மன்னர். தாங்கள் அறியாத செய்தியன்று. ஆயினும் அறிந்ததை மறப்பதில் ஆள்வோர்க்கு நிகர் ஆள்வோரே.

சாலையின் வாயிலைத் திறக்கச் சொல்லி ஆண்டுக்கணக்கில் அவையின் படியேறியவர் அந்தப் பூதங்கண்ணியாரே. உழுகிறவன் வரியில் கட்டிய மதிலுக்குள் உழுகிறவன் நுழையலாகாது என்பது எந்த ஊர் நியாயம் என்று அவர் கேட்டபோது, மூத்த ஆசான்மார் முகம் சுளித்தனர். ஒருவழியாக மன்னர் இசைந்தார். ஆவணி தொடங்கி முழுமதி நாள்தோறும் எவரும் உள்ளே வரலாம், காணலாம், கேட்கலாம் என்று முரசறையப்பட்டது. தாங்களும் இசைந்தீர்கள், ஒரு கட்டுப்பாட்டோடு. சாலையில் மண்ணால் செய்து சோதிக்கும் சிற்றேரிகளுக்கு எந்த ஏரியின் பெயரையும் வெளியார் முன் சொல்வதில்லை என்ற பழைய வழக்கம், திறந்த நாளிலும் காக்கப்பட வேண்டும் என்றீர்கள். பெயர் சொன்னால் ஊர் கலையும், ஊர் கலைந்தால் வரி கலையும் என்பது தங்கள் கவலை. வாயில் திறந்தால் போதும் என்ற மகிழ்ச்சியில் பூதங்கண்ணியார் தலையசைத்துவிட்டார். அவர் செய்த பிழை அந்த ஒரு தலையசைப்புத்தான்.

முதல் நாளில் திருவிழாக் கூட்டம். மூலிகைத் தோட்டத்தையும் விண்மீன் மேடையையும் கண்டு வியந்த மக்கள், கடைசியில் சிற்றேரியைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். அது தங்கள் கோட்டத்துக் கோரைப்பள்ளத்து ஏரியின் அச்சு. அதன் கரையிலிருந்தே மண் கூடையில் வந்திருந்தது. மிகைநீர் வழியும் கலிங்கை, இன்னும் ஒரு போகம் விளையட்டும் என்று தங்கள் ஆணையால் உயர்த்தியிருந்தார்கள் அல்லவா, அதே உயரத்தில் இங்கும் பூதங்கண்ணியார் சிறு கலிங்கு வைத்திருந்தார். துளையிட்ட பானைகளால் மழை பெய்வித்தார். நீர் போக வழியின்றி ஏறியது, கரையின் மேல் வழிந்தது, கரை கரைந்து உடைந்தது. கீழே அடுக்கியிருந்த சிறு குடில்கள் மிதந்து போயின.

மக்கள் கைகொட்டினார்கள். முன்வரிசையில் நின்றவர்கள் கோரைப்பள்ளத்துக்காரர்களே. எந்த ஊர்ச் சோம்பேறி கட்டிய கரையோ, எங்கள் கரையை வந்து பாருங்கள், யானை நடக்கும் என்று அவர்களில் ஒரு பெரியவர் சொல்லிச் சிரித்தார். சிவப்புச் சிற்றாடை கட்டிய சிறுமி ஒருத்தி இன்னொரு முறை உடைக்கச் சொல்லிக் கெஞ்சினாள். பூதங்கண்ணியார் இருமுறை வாய் திறந்தார். இருமுறையும் அருகில் நின்ற தங்கள் ஆள் தொண்டையைச் செருமினான். அவர் கரையை மறுபடி பிடித்து, அச்சிறுமிக்காக மறுபடி மழை பெய்வித்தார். அது மறுபடி உடைந்தது. எல்லோருக்கும் பானகம் கொடுத்து வழியனுப்பினார்கள்.

அன்றே அவர் தங்களுக்கு ஆளனுப்பிக் கலிங்கை இறக்கச் சொன்னார். அறுவடை முடியட்டும் என்று தாங்கள் விடை சொன்னீர்கள். ஐப்பசியில் அடைமழை பிடித்தது. நடவு வயலில் ஊரே குனிந்திருந்த நண்பகலில் ஏரி உடைந்தது. எத்தனை பேர் என்பது தங்களுக்கும் தெரியும்; இங்கே எழுதி ஓலையைக் கனக்கச் செய்ய வேண்டாம். பூதங்கண்ணியார் அங்கே போய்ச் சேற்றில் நின்று, கரை சேர்ந்தவர்களிடையே சிவப்புச் சிற்றாடையைத் தேடினார். அது இல்லை. பெரியவர் மட்டும் பிழைத்திருந்தார். அவர் இவரை அடையாளம் கண்டுகொண்டு கேட்டது ஒன்றே: "பேரைச் சொல்ல அன்னைக்கு வாய் வலிச்சுதா, தாயே?"

பூதங்கண்ணியார் திரும்பி வந்து, அடுத்த முழுமதி நாளில் வாயிலைத் தம் கையாலேயே திறந்தார். புதிய சிற்றேரி ஒன்று செய்து வைத்திருந்தார். கூடியவர்கள் முன் அதன் பெயரை உரக்கச் சொன்னார்: மாவடிப்புரத்துப் பேரேரி. அங்கும் கலிங்கு தங்கள் ஆணையால் உயர்ந்திருந்தது அல்லவா. பிறகு மழை பெய்வித்தார். கரை உடைந்தது; இம்முறை எவரும் கைகொட்டவில்லை. கரையடியில் குடியிருந்த நெசவாளர்கள் தறியைக் கழற்றி வண்டியில் ஏற்றி, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆழித்துறைக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் இப்போது சாலையின் பாடசாலைக் கூடங்களில் உறங்குகிறார்கள். தங்கள் கோபத்துக்கும் விண்ணப்பத்துக்கும் காரணம் இதுவே. மண்பொம்மையைக் காட்டி ஒரு பெண்பிள்ளை ஊரைக் கலைத்தாள் என்றும், தங்கள் கரை மலைபோல் நிற்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள்.

மன்னர் பூதங்கண்ணியாரை அழைத்து, நீர் கண்டது பிழையாகவும் இருக்கலாம் அன்றோ என்று வினவினார். இருக்கலாம், பிழையானால் ஊரார் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், அந்தச் சிரிப்பை நான் பொறுப்பேன், முன்பு கேட்ட சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை என்றார் அவர்.

ஆகவே மன்னர் ஆணை இது. சாலையின் வாயில் அடைபடாது. மண்ணேரி எதுவாயினும் அதன் ஊர்ப்பெயர் அவ்வூரார்க்கே முதலில் சொல்லப்படும். பூதங்கண்ணியார் தம் இருக்கையில் இருப்பார். மாவடிப்புரத்துக் கலிங்கைத் தாங்கள் இவ்வோலை கண்ட பொழுதே, முன்னிருந்த மட்டத்துக்கு இறக்குக.

இறக்க மனமில்லையேல் அதற்கும் மன்னர் வழி வைத்திருக்கிறார். கரை மலைபோல் நிற்கிறது என்ற தங்கள் சொல்லை அவர் பொய் என்று தள்ளவில்லை. கோட்டை மேட்டில் உள்ளது. அங்கிருந்து கரையின் உறுதி சரியாகத் தெரியாது. எனவே தாங்கள், தங்கள் தேவியார், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் யாவரும் மேட்டைவிட்டு இறங்கி, கரையடியில் முதலாவதாக உள்ள நெசவாளன் வீட்டில் மழை ஓயுமட்டும் குடியிருக்கக் கடவீர்கள். வீட்டுக்காரன் மனமுவந்து இசைந்தான். கூரை ஒழுகாது என்றும் சொல்லச் சொன்னான்.

கோவின் கோல் வாழ்க; குடியின் உயிர் வாழ்க. மூவிலை முத்திரை அரக்கில் பதித்து, குதிரையாள் கையில் விடுக்கப்பட்டது. அவ்வீட்டின் திறவுகோல் ஓலையோடு கட்டப்பட்டுள்ளது.