பூனைக்குப் படித்துக் காட்ட

திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கும் என் வீட்டுக்காரிக்கு,

இது உன் புருஷன் தன் கையாலேயே எழுதுவது. நம்பு! முதியோர் கல்வி வகுப்பில் நான்தான் முதலில் ஒரு வரியை முழுதாக எழுதினேன்.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. பேரன் நன்றாகப் பால் குடிக்கிறானா? நீ அவசரப்பட்டு வர வேண்டாம்.

டீக்கடையை மூடிய நாகரத்தினம் தன் பூனையை என்னிடம் விட்டாள். கெண்டை மீன் சுட்டுப் போட்டேன். உன் பழைய சேலையை விரித்தேன். அது வாசலைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. நாகரத்தினத்திடம் இதைச் சொன்னேன்.

“கடையில நாலு பேர் பேச்சுல வளர்ந்ததுங்க. உங்க வீட்டுல யாரு பேசுறா? முடியலன்னா சொல்லுங்க, மக வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடறேன்” என்றாள்.

எனக்குக் கொடுக்க மனமில்லை. அன்று வகுப்புப் பாடத்தை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தேன். கத்தல் நின்றது. மடியில் ஏறித் தூங்கியேவிட்டது!

இந்தக் கடிதத்தையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறேன். ‘அவசரப்பட்டு வர வேண்டாம்’ என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்திவிட்டேன். உடனே பூனை தலையைத் தூக்கிப் பார்த்தது.

நீ பதில் எழுது. போன் வேண்டாம். போனில் பேசினால் அதோடு போய்விடும். கடிதம் என்றால் பூனைக்குத் தினமும் படித்துக் காட்டலாம்.

இப்படிக்கு,
இனிமேல் கைநாட்டு வைக்காத
உன் வீட்டுக்காரன்