சுண்டுவிரல் விடும் நேரம்

மார்ச் 3, திங்கள்

உருண்டை தூங்குகிறாள். நல்ல பெயர் ஒன்று வைத்திருக்கிறோம், ஆனால் வீட்டில் அதை யாரும் சீண்டுவதில்லை. பிரசவத்துக்குப் பிறகு இன்றுதான் செல்லோவை, ஆள் உயரத்துக்கு இருக்கும் என் பெரிய வயலினை, பெட்டியிலிருந்து எடுத்தேன். நாலு தந்தியும் சுருதி இறங்கித் தொளதொளவென்று கிடந்தன. நானும் அப்படித்தான் இருக்கிறேன்.

செல்லோவைத் தரையில் ஊன்ற அடியில் ஒரு முள் உண்டு, அது புது டைல்ஸில் வழுக்கிக்கொண்டே போனது. இவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பழைய பெல்ட்டை நாற்காலிக் காலில் மாட்டி, அதன் ஓட்டையில் முள்ளைச் சொருகிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனுஷர், எது நழுவினாலும் பொறுக்காது. இவர் எனக்குக் கிடைத்தாரே என்று இருந்தது.

மார்ச் 4, செவ்வாய்

கண்டக்டர் போன் செய்தார், எங்கள் இசைக்குழுவை நடத்துகிறவர். அடுத்த கச்சேரியின் மெதுவான பகுதியில் செல்லோ தனியாக வாசிக்கும் வரிகளை, நான் விடுப்பில் போகும் முன்பே எனக்கென்று சொல்லி வைத்திருந்தார். இப்போது, "பதினெட்டாம் தேதி ஒத்திகையில வாசிங்க, கேட்டுட்டு முடிவு பண்றேன். சரியா வரலன்னா பக்கத்து நாற்காலிக்குக் குடுத்துடறேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்கிறார்.

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வரிகள் எனக்கு வேண்டும். எப்போதும் கூட்டத்தோடு கூட்டமாகவே வாசித்தவள் நான். ஒருமுறை, ஒரே ஒருமுறை, என் சத்தம் தனியாகக் கேட்க வேண்டும்.

அக்காவிடம் சொன்னேன். இவருடைய அக்கா, உருண்டைக்காக லீவு போட்டு வந்து எங்களோடு இருக்கிறார். "கண்டக்டர்கிட்ட எதுக்கு வாசிச்சுக் காட்டணும்? டிக்கெட் எடுத்தா ஏத்திக்க மாட்டாரா?" என்றார். நிஜமாகவே பஸ் கண்டக்டர் என்று நினைக்கிறாரா, என்னைச் சீண்டுகிறாரா? முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மார்ச் 6, வியாழன்

இடது கட்டைவிரல் உயிர் போகிறது. டாக்டர் சொன்னார்: "பிள்ளையத் தூக்கித் தூக்கி வர்ற வலிதான். கழுத்த அவ்வளவு இறுக்கிப் புடிக்காதீங்க." உருண்டையின் கழுத்தையா என்று பதறிப் போனேன். செல்லோவின் கழுத்தைச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 9, ஞாயிறு

சோடாபுட்டி வந்திருந்தார். பக்கத்து நாற்காலி அவருடையதுதான். நான் கோட்டை விட்டால் அந்த வரிகள் அவருக்குப் போகும். வந்தவர் என்னை வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

சிக்கல் ஒரே இடத்தில்தான். டி தந்தியில் சுண்டுவிரல், அடுத்த சுரம் பக்கத்து ஏ தந்தியில் ஆள்காட்டி விரல். வில் நிற்காமல் ஒரே இழுப்பில் தாண்ட வேண்டும். நான் தாண்டும்போது நடுவில், விரல் படாத டி தந்தி 'ங்' என்று எட்டிப் பார்க்கிறது. வில் பிடிக்கிற கையைத்தான் இத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தேன்.

"வலது கை ஒழுங்காத்தாங்க தாண்டுது" என்றார். "எடது கைதான் முன்னாடியே ஓடிப்போயிடுது."

எதற்கு எனக்கு உதவுகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். "நானே வாசிச்சா நான் எப்படி உக்காந்து கேக்கறது?" என்றார். இப்படியும் ஒரு போட்டிக்காரர்!

மார்ச் 11, செவ்வாய்

அதே இடம். அதே 'ங்'.

மார்ச் 13, வியாழன்

முடியல. என்னால முடியல. விரலை வேகமா மாத்தினா 'ங்' வருது, இன்னும் வேகமா மாத்தினா இன்னும் பெருசா வருது. பேசாம சோடாபுட்டிக்கே போன் போட்டுச் சொல்லிடலாமா?

— மாலை. காலையில் எழுதியதை அடிக்கவில்லை, இருக்கட்டும்.

சாதகத்துக்கு உட்காரும் அவசரத்தில் உருண்டையை அக்காவிடம் நீட்டினேன். அக்கா கத்தினார். "ஏய்! நான் புடிச்சேன்னு சொல்றதுக்குள்ள விட்டுடறியே! தெனமும் இதே வேலை. கை மாறும்போது கொஞ்ச நேரம் நாலு கையும் பிள்ளைமேல இருக்கணும்மா. புடிச்சுட்டியான்னு கேளு, அப்புறம் விடு."

முதலில் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்ததும்தான் உறைத்தது. நான் சுண்டுவிரலையும் அப்படித்தானே விடுகிறேன்? ஆள்காட்டி விரல் போய்ப் பிடிக்கும் முன்பே?

சுண்டுவிரலை டி தந்தியிலேயே விட்டுவைத்தேன். ஆள்காட்டி விரலை ஏ தந்தியில் முன்னதாகவே ஊன்றினேன். கொஞ்ச நேரம் இரண்டும் இருந்தன. வில் தாண்டியது. அப்புறம் சுண்டுவிரலை எடுத்தேன்.

'ங்' வரவில்லை.

மறுபடி வாசித்தேன். வரவில்லை! சமையலறைக்கு ஓடி அக்காவைக் கட்டிக்கொண்டேன். "பைத்தியமா உனக்கு? கையில சோப்பு" என்றார்.

மார்ச் 15, சனி

சின்ன வயதில் கற்ற பாடம்தான் இது. வேகமாக வாசிக்க ஆரம்பித்ததில் எங்கோ நழுவவிட்டிருக்கிறேன். அவசரம் போனதும் பிடியும் தளர்ந்தது, கட்டைவிரல் வலி பாதிதான் இருக்கிறது. ஒவ்வொரு தாண்டலிலும் வாய்க்குள் "புடிச்சுட்டியா?" என்று கேட்டுக்கொள்கிறேன். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

வாசித்தேன். அந்த இடம் வந்தபோது பயந்தேன், ஆனால் விரல்கள் பயப்படவில்லை. ஒரு சுரம் போய் இன்னொன்றில் சேர்ந்தது, நடுவில் கதவே இல்லை.

கண்டக்டர் பக்கத்தைப் புரட்டினார். "சரி, அடுத்தது. எல்லாரும்" என்றார். அவ்வளவுதான். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு யாரும் வாங்கியதில்லை. சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டார்: "என்ன, கண்டக்டர் டிக்கெட் குடுத்துட்டாரா?"

"குடுத்துட்டாருக்கா. ஜன்னலோர சீட்டு."

அப்போதுதான் சிரித்தார். அத்தனை நாளும் எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது!

மார்ச் 22, சனி

அக்காவின் லீவு முடிந்துவிட்டது. பெட்டியை இவர் டாக்சியில் ஏற்றினார். உருண்டை அக்காவின் தோளில் இருந்தாள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை, அதைப் பற்றி ஒருநாளும் அவர் பேசியதும் இல்லை. நான் எவ்வளவோ சொல்ல நினைத்திருந்தேன். நன்றி என்று ஆரம்பித்ததும், "போதும் போதும், பிள்ளைய வாங்கு" என்றார்.

கைகளை நீட்டி உருண்டையின் முதுகுக்கும் தலைக்கும் அணை கொடுத்தேன்.

"புடிச்சுட்டியா?"

"புடிச்சுட்டேன்க்கா."

"தெரியுது" என்றார். கையை எடுக்கவில்லை. டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். நானும் இழுக்கவில்லை.