பாதி வேலை முடிந்து வந்த படகு

பக்கத்துக் கொட்டகையில் இன்று காலை மறுபடியும் இரும்பு வெட்டினார்கள். தீய்ந்த இரும்பின் நெடி பலகைச் சுவரின் இடுக்கு வழியாக வந்து, நான் தைத்துக்கொண்டிருந்த கல்யாண ரவிக்கையின் மேல் உட்கார்ந்தது. அந்த நெடி மூக்கில் ஏறினால் எனக்கு வருவது கண்ணீர் இல்லை, எரிச்சல். நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. இன்னும் அப்படித்தான்.

உங்கள் கொட்டகையை இரும்புக் கேட் அடிக்கிற செல்வத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். பத்து மணி வாக்கில் அவர் கடை வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பொகவந்தலாவையில ஒரு மொதலாளி, அண்ணன் வாங்குன மாதிரியே வெட்டுன தகடா வரவழைச்சு போட் கட்டணும்கிறாரு. அப்படி வாங்குனா மிச்சந்தானாங்க?"

"நாளைக்கு வாங்க, சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். பதிலை உங்களிடம் ஒரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு அவரிடம் சொல்லலாம் என்றுதான்.

எட்டு வருடம் வளைகுடா நாட்டில், படகு கட்டும் இடத்தில் வெல்டிங் வேலை பார்த்துவிட்டு வந்தீர்கள். நாம் இரண்டு பேரும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் நம் வீட்டுப் பிள்ளை விழித்துக்கொள்ளும் சுவருக்குள் வளர்ந்தவர்கள். நீங்கள் வந்ததும் மஸ்கெலியாவில் ஒரு வீடு, நான்கு பக்கமும் நமக்கே சொந்தமான சுவர், அதைத்தான் நான் எட்டு வருடமாக மனதுக்குள் கட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் பெட்டியைத் திறந்து எடுத்துக் காட்டியது ஒரு பாய்மரப் படகின் படம்.

"புள்ள, இது கிட்டு. தகடெல்லாம் மெஷின்ல வெட்டி, நம்பர் போட்டு வந்துரும். பாதி வேலைய அவனே முடிச்சுக் குடுத்துடுறான். ஒட்டுறதுதான் நம்ம வேலை. மலைக்கு வர்ற வெள்ளக்காரங்கள ஏத்திக்கிட்டு டேம் தண்ணியில ஒரு சுத்து. ஒரே சீசன்ல வீடு."

"ரவிக்கைய வெட்ட எனக்குப் பத்து நிமிஷம் ஆகும்ங்க. தைக்கத்தான் நாள் போகுது" என்றேன்.

சிரித்தீர்கள். "துணியும் இரும்பும் ஒண்ணா?"

அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. ஒன்றும் தெரியாதவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. வெளிநாட்டிலிருந்து வந்த ஆண்கள் எல்லாரும் அதை விமான நிலையத்திலேயே வாங்கிக்கொண்டு வருகிறார்களோ என்னவோ.

தகடுகள் வந்த நாளிலேயே உங்கள் மிச்சம் கரையத் தொடங்கியது. கொழும்பிலிருந்து வந்த பெரிய லொறி ஹட்டனோடு நின்றுவிட்டது. நம் ரோட்டு வளைவுகளில் அது திரும்பாது என்று ஒரு பஸ் டிரைவரைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார். சின்ன லொறிகளுக்கு மாற்றினீர்கள். இறக்குகிற அவசரத்தில் இரண்டு தகடுகள் வளைந்துபோயின. அவற்றை அடித்து நிமிர்த்தவே ஒரு வாரம். "இதுவும் பாதி வேலையில சேர்த்தியா?" என்று கேட்டேன். அன்று மட்டும் நீங்கள் சிரிக்கவில்லை.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டத் தொடங்கிய ஒன்பதே நாளில் படகின் உருவம் எழுந்து நின்றுவிட்டது. பதினேழாம் நம்பர் பதினெட்டாம் நம்பரோடு மயிரிழை விலகாமல் பொருந்தியது. ஒரு துண்டும் வீணாகவில்லை. கடைவீதியே வந்து பார்த்தது. மளிகைக் கடை முதலாளி உங்களைக் "கேப்டன்" என்று கூப்பிட்டார், நீங்களும் திரும்பிப் பார்த்தீர்கள். தினமும் மாலையில் நாலைந்து பேர் அதன் அடியில் நின்று, உங்கள் செலவில் பிளேன்டீ குடித்துக்கொண்டு, இங்கிலீஷ்காரன் காலத்துக் கதையெல்லாம் பேசினார்கள். அவர்களில் ஒருவராவது ஒரு நாள் ஒரு தகட்டைத் தூக்கிப் பிடித்ததை நான் பார்த்ததில்லை.

அந்த ஒன்பது நாளுக்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போயிற்று. நீங்கள் வெல்டிங் போடும்போதெல்லாம் கரண்ட் இறங்கி என் மெஷின் திக்கித் திக்கி நிற்கும். கல்யாண சீசனில், மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி காலால் மிதித்துத் தைத்தேன். மூட்டுகளைப் பற்றவைத்து முடித்தால் பெயின்ட். பெயின்ட் பிடிக்க இரும்பு காய்ந்திருக்க வேண்டும். நம் ஊரில் எது காய்கிறது? துணியே மூன்று நாள் அடுப்புக்கு மேலே கிடக்கிறது. பகல் முழுக்கத் துருவைத் தேய்ப்பீர்கள், பனி இறங்கி விடிவதற்குள் மறுபடி செம்மண் நிறம் பூத்திருக்கும். மறுபடி தேய்ப்பீர்கள்.

பிறகுதான் மற்றதெல்லாம் வரிசையாக வந்தன. இன்ஜின், பாய், பாய்மரம், படகு சாயாமலிருக்க அடியில் வைக்கிற ஈயம், வயர், கண்ணாடி, பைப்பு, கயிறு. இதில் ஒன்றுகூட அந்தக் கிட்டில் இல்லை. பாதி வேலை என்றீர்களே, அது படகின் தோலில் பாதி. படகில் பாதி இல்லை. செல்வத்திடம் இதைத்தான் சொல்லப் போகிறேன். வெட்டிய தகடு வாங்கினால் அளவெடுத்து வெட்டுகிற நாள்கள் மிச்சம், தப்பாக வெட்டி வீணாக்குவதும் மிச்சம். ஆனால் படகின் செலவு அங்கே இல்லை.

தண்ணீரில் ஆள் ஏற்றிப் படகு விட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று ஒரு தடவை கேட்டேன். "கட்டி முடிச்சுட்டுக் கேட்டுக்கலாம் புள்ள" என்றீர்கள். சத்தியமாக இப்படித்தான் சொன்னீர்கள். சட்டை தைத்து முடித்த பிறகு ஆளை அளவெடுக்கிற புத்தி.

கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, துரு தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரியில் நான்கு நாள். மூன்றாம் நாள் என் கையைப் பிடித்தீர்கள். ஏதோ அன்பாகச் சொல்லப் போகிறீர்கள் என்று நினைத்தேன்.

"படகப் பழைய இரும்புக்குப் போட்டுராத புள்ள" என்றீர்கள்.

அவ்வளவுதான். எனக்கென்று ஒரு வார்த்தை இல்லை.

அந்தக் கோபத்தில், முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் பழைய இரும்புக்காரரைத்தான் முதலில் கூப்பிட்டேன். அவர் அதைச் சுற்றி வந்து, உதட்டைப் பிதுக்கி, எடைக்கு ஒரு விலை சொன்னார். மறுநாள் வெட்டி எடுத்துப் போவதாகப் பேச்சு. உள்ளே கிடக்கும் உங்கள் சாமான்களை எடுக்க, அன்றைக்குத்தான் முதல் முறையாக நான் அதற்குள் ஏறினேன். மேல்திறப்பைத் தகரம் வைத்து மூடியிருந்தீர்கள். ஆனால் படகின் உடம்பில் பாதி கொட்டகைக் கூரைக்கு வெளியே பின்பக்கம் நீட்டிக்கொண்டு பத்து நாள் அடைமழையில் நனைந்திருந்தது. உள்ளே ஈரமே இல்லை. தரையில் நீங்கள் விரித்திருந்த பேப்பர் மொறுமொறுவென்று கிடந்தது. விளக்கைப் பிடித்து மூட்டுகளைப் பார்த்தேன். நான் இருபது வருடமாகத் தையல்காரி. ஒரு தையலில் கை எங்கே அலுத்துப்போனது, எங்கே அவசரப்பட்டது என்று பார்த்ததும் சொல்வேன். அந்த வரிசைகளில் எனக்கு அப்படி ஓர் இடம் அகப்படவில்லை. ரொம்ப நேரம் தேடினேன்.

இரும்புக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏழு மாதம் கழித்து, தண்ணீர்க் கரையில் விடுதி நடத்துகிற ஒருவர் வாங்கினார். கொட்டகையின் முன்சுவரை இடித்து, மூங்கில் கழியால் டெலிபோன் வயர்களைத் தூக்கிப் பிடித்துக் கொண்டுபோனார்கள். அவர் அதைத் தண்ணீரில் விடவில்லை. கரையில் நிறுத்தி, உள்ளே கட்டில் போட்டு, வெள்ளைக்காரர்களுக்கு ரூமாக விடுகிறார். உங்கள் கப்பல், கேப்டன், இப்போது தேயிலைக்கு நடுவே ஒரு படுக்கையறை. அந்தப் பணத்தில் நான் வீட்டுக்கு அத்திவாரம் போட்டேன். அத்திவாரம் மட்டும்.

பஸ்ஸில் போகும்போது எப்போதும் தண்ணீர் தெரியாத பக்கத்து சீட்டில்தான் உட்காருவேன். போன ஞாயிறு ஹட்டனிலிருந்து வரும்போது கூட்டம், ஜன்னலோரம் மறுபக்கத்தில்தான் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு டீச்சரம்மா. விடுதியைத் தாண்டும்போது என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அங்க பாருங்களேன், கப்பலக் கட்டிக் கரையில வச்சிருக்காங்க. தண்ணியில விட்டா முழுகிடும்னு பயம் போல."

"முழுகாதுங்க" என்றேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது, முன்சீட்டுக்காரர்கூடத் திரும்பினார். "எங்க வீட்டுக்காரர் கட்டுனது. வருஷக்கணக்கா தண்ணியில கெடந்தாலும் ஒரு சொட்டு உள்ள போகாது. தெரியாம பேசாதீங்க."

பாவம், அந்த அம்மா கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். நான் மஸ்கெலியாவில் இறங்கும்வரை கரைப்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இதைப் படித்து உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். உங்களையும் உங்கள் படகையும் பழிக்கிற வேலையை நான் இன்னும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. என் காலம் இருக்கும்வரை அதை நானே பார்த்துக்கொள்கிறேன்.