ஆற்றங்கரை வீட்டை விற்கலாமா என்று அன்னம்மா கேட்கிறாள்

என் தோமாச்சா,

முல்லைப் பெரியாறு அணையின் பலத்தை ஆராய ஐந்து பேர் குழுவை அமைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது. இது வாய்வழிச் செய்தி இல்லை. உத்தரவின் நகலை மதுரையில் ஒரு வக்கீலிடம் வாங்கி நானே முழுதும் படித்தேன். கேரளமும் தமிழ்நாடும் ஆளுக்கொருவரை அனுப்ப வேண்டும். குழுவுக்கு ஆறு மாதம் அவகாசம். எங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் இன்னும் யார் பெயரையும் சொல்லவில்லை. அனுப்பவே மாட்டோம் என்றும் ஒரு பேச்சு அடிபடுகிறது.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள், அதனால் உனக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ குமுளியிலிருந்து மலையாளப் பத்திரிகைக்கு எழுதியவன். நான் கம்பத்திலிருந்து தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதுகிறவன். நடுவில் மலைப்பாதையும் சோதனைச் சாவடியும். அணை நிற்பது உங்கள் மாநிலத்தில், அதிலிருந்து வரும் தண்ணீர் பாய்வது எங்கள் வயலில். நீ என்னை அளியா என்பாய், நான் உன்னை மச்சான் என்பேன். இரண்டுக்கும் முறை ஒன்றுதான்.

மழைக்காலத்தில் தினமும் சாயங்காலம், செய்தி அனுப்புவதற்கு முன், அணையின் நீர்மட்டத்தைப் போனில் ஒத்துப் பார்ப்போம். ஒருவர் சொல்லி மற்றவர் ஆமாம் போடுவதில்லை. மூன்று எண்ணிவிட்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். எண் ஒத்துப்போகவில்லை என்றால் ஒத்துப்போகும்வரை இரண்டு பத்திரிகைக்கும் செய்தி போகாது. இந்த ஏற்பாட்டைப் பார்த்து கம்பத்தில் எஸ்டிடி பூத் நடத்தியவர் சிரிப்பார். "ஏன் சார், அவுக சொல்றத நம்ப மாட்டீகளா?" என்று கேட்டார் ஒருநாள். அதை உன்னிடம் சொன்னேன். "உன்னை விசுவாசம் உண்டு அளியா. உன் சர்க்காரைத்தான் இல்ல" என்றாய். உன் சர்க்காரையாவது நம்புவாயா என்று கேட்டேன். "அதைப் பத்தி நீ ஒண்ணும் கேக்கக் கூடாது."

நீர்மட்டத்தை நூற்று முப்பத்தாறு அடியிலிருந்து நூற்று நாற்பத்திரண்டுக்கு உயர்த்தலாம் என்று நீதிமன்றம் சொன்னதும், அடுத்த மாதமே உங்கள் சட்டசபை அதைத் தடுக்கச் சட்டம் போட்டதும் ஞாபகம் இருக்கிறதா? அன்று நீ சொன்னாய்: "ஒரு ஸ்டேட் கோர்ட்டுக்கு மேல சட்டம் போட்டா, நாளைக்கு எல்லா ஸ்டேட்டும் போடும்." கொஞ்சம் பொறுத்து நீயே, "ஆனா ஜனம் பேடிச்சுப் பயந்து கிடக்கும்போது சும்மா இருக்கிற சட்டசபை எதுக்கு?" என்றாய். இரண்டில் எது உன் முடிவு என்று கேட்டேன். டீ ஆறிப்போகிறது என்று போனை வைத்துவிட்டாய்.

எனக்கு முடிவு இருந்ததில்லை, சந்தேகம்தான் இருந்தது. இப்போது அது கூடியிருக்கிறது. டெல்லியில் ஒரே கூட்டணியில் உட்காருகிறவர்கள் குமுளிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் வேறொன்றும் பேசுகிறார்கள். மத்திய அரசு இரண்டு பக்கமும் தலையை ஆட்டிவிட்டு, நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்கிறது. நாளை இந்த நாடு எப்படி இருக்கும் என்பதை டெல்லி தனியாக முடிவு செய்யப்போவதில்லை. பக்கத்து மாநிலம் சொல்லும் கணக்கைப் படித்துப் பார்க்க ஒரு மாநிலம் தயாரா என்பதில்தான் பாதி இருக்கிறது. தயார் என்று எந்தத் தலைநகரமாவது சொன்னதை நீ கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை. சண்டை தீராமல் இருப்பது யாருக்கோ வசதியாக இருக்கிறது.

நீ கண்ணை மூடிய பிறகு வந்த மழையில் நடந்ததைக் கேள். எங்கள் பத்திரிகைகளில் காலை ஆறு மணி மட்டம் வந்தது. மலையாள டிவி ஒன்றில் முந்தைய நாள் சாயங்கால மட்டம் ஓடியது. ராத்திரி முழுக்க மழை, தண்ணீர் ஏறியிருந்தது. இரண்டும் சரியான எண்கள், நேரம்தான் வேறு. உன் இடத்துக்கு வந்த பையனுக்கு என்னோடு பழக்கமில்லை, நானும் அவனைக் கூப்பிடவில்லை. மதியத்துக்குள் குமுளியில் பஸ்களை மறித்துவிட்டார்கள். கம்பத்தில், "நம்ம தண்ணிய மறைக்கிறாக" என்றார்கள். அணைக்குக் கீழே, உன் வீடு இருக்கும் வண்டிப்பெரியாற்றில், மட்டத்தைத் தமிழன் ரகசியமாக ஏற்றுகிறான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. உன் மனைவி அன்னம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு, உன் அம்மாவையும் கைபிடித்துக்கொண்டு, மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்திருந்தாள்.

போன வாரம் அவளைப் பார்க்கப் போனேன். கப்பைக் கிழங்கும் மீனும் வைத்தாள். ஆற்றங்கரை வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறதாம். பாதி விலைக்குக் கேட்கிறார்கள். பயந்த ஊரில் அதுதான் விலை.

"சேட்டா, நீங்க பத்திரிகைக்காரர். நேரா சொல்லுங்க. இந்த வீட்ல நான் இருக்கலாமா, வித்துட்டு கோட்டயத்துக்குப் போகட்டுமா?"

அணை பலமாக இருக்கிறது என்று எங்கள் பொறியாளர்கள் சொல்லி எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அவர்கள் காட்டியதைப் பார்த்துமிருக்கிறேன். இருக்கலாம் தாயி என்று சொல்ல வாய் எடுத்தேன். அனுமந்தன்பட்டியில் என் அக்கா பேச்சியம்மாளின் வயல் நினைவுக்கு வந்தது. ஜூனில் தண்ணீர் திறந்தால்தான் அவளுக்கு முதல் போகம். அப்படியானால் இந்தப் பதிலைச் சொல்வது யார், நானா, அந்த வயலா?

"எனக்குத் தெரியல அன்னம்மா. எங்க அக்காவுக்கு இந்தத் தண்ணியில நடவு இருக்கு. அதையும் சேத்துத்தான் என் பேச்சை நீ எடுத்துக்கணும்" என்றேன்.

"எங்க புள்ளிக்காரனும் இப்படித்தான். கேட்டதுக்கு மட்டும் பதில் கிட்டாது" என்றாள். உன்னைத்தான் சொன்னாள். பிறகு இன்னொரு துண்டு மீனை என் தட்டில் வைத்தாள்.

திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏலே, நம்ம தண்ணியில வளந்துட்டு அங்கன போயி தெரியலைன்னா சொல்லிட்டு வந்தே? மீன் கொழம்பு அம்புட்டு ருசியோ?" கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பிள்ள இப்ப மாமியாவ வச்சுக்கிட்டு அங்கன தனியாவா இருக்கு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். 

வீடு கேட்டவர்களுக்கு ஓணம் முடிந்து பதில் சொல்வதாக அன்னம்மா சொல்லியிருக்கிறாள். ஆறு மாதக் கணக்குப்படி குழுவின் அறிக்கையும் அந்தச் சமயத்தில்தான் வர வேண்டும். வருமா? ஆளை அனுப்புவதற்கே யோசிக்கும் அரசுகளை வைத்துக்கொண்டு, அந்தத் தேதியை நான் செய்தியாக எழுத மாட்டேன். எதிர்பார்க்கப்படுகிறது என்று மட்டும் எழுதுவேன். ஜூனில் எங்கள் மதகு திறக்குமா என்பதும் அப்படித்தான்.

உனக்கு ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். மழை தொடங்கியதும் தினமும் சாயங்காலம் அன்னம்மாவுக்குப் போன் செய்வேன். அணையின் மட்டத்தை, எத்தனை மணிக்கு எடுத்தது என்பதோடு நான் சொல்வேன். உன் வீட்டுப் பின்படிக்கட்டில் ஆறு எந்தப் படியில் நிற்கிறது என்று அவள் சொல்வாள். இதற்கு அவள் சம்மதித்துவிட்டாள், ஒரு நிபந்தனையோடு: மூன்று எண்ணிவிட்டுத்தான் சொல்ல வேண்டுமாம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

உன் அளியன்,
அன்னம்மாவுக்கு அண்ணன் முறை,
கம்பம்.