நிறை எடுக்கும் நாள்

மல்வேர்ன், ரொறன்ரோ
தை மாதம்

அன்புள்ள அன்புராசா அண்ணைக்கு,

மன்னாரில் நீங்களும் அக்காவும் நலமாக இருக்க மடு மாதாவை மன்றாடிக்கொண்டு அலெக்ஸாண்டரின் மனைவி பேர்ணடெற் எழுதுவது. போனில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் ஊருக்கு வரும் உங்கள் பெறாமகள் செரீனாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

இங்கே குளிர் கொல்லுகிறது. மகள் ஸ்டெபனி விடியமுன் மிசிசாகாவுக்கு வேலைக்குப் போய்விடுவாள். பகல் முழுக்க நானும் இவரும்தான். இவருக்கு மறதி முற்றிவிட்டது. அந்த நாசமாய்ப்போன குத்துச்சண்டையில் தலையில் வாங்கிய அடிகளால் வந்ததாக இருக்கலாம் என்கிறார் டொக்டர். என்னையே யாரென்று தெரிவதில்லை. உங்களை மட்டும் மறக்கவில்லை.

எண்பத்திரண்டில் நீங்கள் இருவரும் மோதிய இறுதிப்போட்டியை ரீவியில் காட்டினார்களே, கோயில் மண்டபத்தில் ஊரோடு இருந்து பார்த்தோம். அப்போது இவர் எனக்கு யாருமில்லை. ஆனாலும் நடுவர் உங்கள் கையைத் தூக்கியபோது அழுதேன். அந்தக் காலத்துப் போட்டிகளை ஸ்டெபனி யூடியூப்பில் தேடினாள். ஒன்றும் இல்லை. இங்கே யாரிடம் சொன்னாலும் நம்பாமல் சிரிக்கிறார்கள்.

அந்தச் சண்டைக்குத்தான் இவர் இப்போது ஆயத்தப்படுகிறார், அண்ணை. இரண்டு ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க வீட்டுக்குள் நடக்கிறார். பிட்டைக் குழைத்து வாயில் வைத்தால் துப்பிவிடுகிறார்.

"தங்கச்சி, நாளைக்கு நிறை எடுக்கிறாங்கள். சாப்பிட்டு நிறை கூடினா அன்புராசாவோட ரிங்கில ஏறேலாது" என்கிறார்.

தராசில் ஏற்றிக் காட்டினேன். எலும்பும் தோலுமாக நிற்கிற மனுசன், இன்னும் குறைக்கவேணும் என்கிறார். இப்படியே போனால் மூக்கால் குழாய் விடவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

சண்டை எப்போதோ முடிந்துவிட்டது, அன்புராசா அண்ணைதான் வென்றார் என்று உண்மையைச் சொன்னேன். அன்று முழுக்க அழுதார். மறுநாள் திரும்பவும் பட்டினி. பிறகு, நீங்கள்தான் வென்றீர்கள் என்று இவருக்குப் பொய்யும் சொல்லிப் பார்த்தேன். அப்படியென்றால் அன்புராசா வாயால் சொல்லட்டும் என்கிறார்.

அண்ணை, ஊரே பார்த்த வெற்றி அது. அதற்குப் பிறகு உங்களுக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்கக் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். செரீனா போன் எடுத்துத் தருவாள். வீடியோ வேண்டாம், நரைத்த முகத்தைக் கண்டால் நம்பமாட்டார். குரல் போதும். நீதான் வென்றாய், நான் தோற்றுப்போனேன் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, இனிச் சாப்பிடு என்றும் சொல்லுங்கள். நான் சோற்றுக் கோப்பையோடு இவருக்குப் பக்கத்தில் நிற்பேன்.

உங்களை மாதா ஒருநாளும் கைவிடமாட்டா.

உங்கள் சகோதரி,
பேர்ணடெற்